36 டிராக்கிலும் கன்சோல் பிளக்இன்: மிக்ஸ் உண்மையிலேயே மேம்படுகிறதா என்று சோதிப்பது எப்படி?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 36 டிராக் (தனித்தனியாகப் பதிவான குரலும் வாத்தியங்களும்) உள்ள ஒரு பாட்டை மிக்ஸ் செய்து, அதாவது ஒன்றாகக் கலந்து, முடித்துவிட்டீர்கள். அதன் பிறகு, பழைய அனலாக் கன்சோலின் (ஸ்டுடியோவில் ஒலிகளைக் கலக்கும் பெரிய மேசை) ஒலியைக் கொண்டுவருவதாகச் சொல்லும் ஒரு பிளக்இன்னை (மிக்ஸ் மென்பொருளில் செருகும் துணை நிரல்) எல்லா டிராக்கிலும் மிக்ஸ் பஸ்ஸிலும் (எல்லா டிராக்கும் வந்து சேரும் கடைசி வழி) போட்டீர்கள். பாட்டு அகலமாகவும் ஆழமாகவும் ஆனதாகத் தோன்றியது. நண்பர் "எல்லாம் மனப்பிரமை" என்றார். நீங்கள் விடவில்லை, பிளக்இன் உள்ள ரெண்டரையும் (மிக்ஸிலிருந்து எடுத்த முழு ஒலி ஃபைல்) இல்லாத ரெண்டரையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தீர்கள், மிச்சம் காதில் கேட்டது, ஆகவே நிரூபணமாகிவிட்டது என்கிறீர்கள். இலவசச் சோதனைக் காலம் முடிவதற்குள் வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

நீங்களும் நண்பரும் வெவ்வேறு வழக்குகளை வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒலி மாறியதா என்பது ஒரு கேள்வி. மாறியது காதுக்குத் தெரிகிறதா என்பது இன்னொன்று. தெரிந்த மாற்றம் பாட்டுக்கு நல்லதா என்பது மூன்றாவது. நீங்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மூன்றாவதற்கும் எழுதிவிட்டீர்கள். நண்பரோ இரண்டாவது கேள்விக்குக் காதைத் தீட்டாமலே விடை சொல்லிவிட்டார்.

முதலில் அந்தக் கழித்தல் சோதனை. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'நல் டெஸ்ட்' என்று வரும்; நல்ல சோதனை என்று யாராவது படித்துவிடுவார்கள் என்பதால் கழித்தல் சோதனை என்றே சொல்கிறேன். ஒரு ரெண்டரின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுகிறோம். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்றால் மௌனம் மிஞ்சும். அப்படி மௌனம் மிஞ்சினால் அது அசைக்க முடியாத சாட்சி: பிளக்இன் எதுவும் செய்யவில்லை. ஏதாவது மிஞ்சினாலோ, அந்த மிச்சம் ஏறத்தாழ ஒன்றுமே சொல்வதில்லை. ஒரே ரெண்டரின் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒன்றை மட்டும் 0.1 டெசிபல் குறைத்துக் கழித்துப் பாருங்கள். மூல ஒலிக்கு 39 டெசிபல் கீழே முழுப் பாட்டும் ஓடும். குறைத்தது 1 டெசிபல் என்றால் 19 டெசிபல் கீழேதான். குரலின் சொற்கள்கூடப் புரியும். ஃபேடரை, அதாவது ஒலியளவுப் பிடியை, மயிரிழை நகர்த்தியதைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. உங்களுக்குக் கேட்ட மிச்சத்தில் எவ்வளவு இந்த வகை, எவ்வளவு கன்சோலின் குணம் என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகைப் பிளக்இன்கள் பலவற்றில் கன்சோலின் இரைச்சலையும் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. இரைச்சல் ஒவ்வொரு ரெண்டரிலும் வேறாக விழும். அதே அமைப்பில் இரண்டு முறை ரெண்டர் செய்து அவற்றையே கழித்துப் பாருங்கள். பிளக்இன் தன்னையே தான் கழித்துக்கொள்ளாமல் போகலாம். 36 டிராக்கிலும் தனித்தனி இரைச்சல் என்றால் மொத்தம் ஒரு டிராக்கின் இரைச்சலைவிட 15.6 டெசிபல் அதிகம். எனவே முதலில் அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். கன்சோலின் இரைச்சல்தான் மந்திரம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நிஜக் கன்சோல்களை வடிவமைத்தவர்கள் அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அடுத்து, எல்லாச் சோதனைகளையும் கெடுக்கும் முதல் குற்றவாளி: ஒலியளவு. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்து 1933-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே இது தெரிந்த சங்கதி. சத்தம் கூடும்போது நம் காது கீழ்ப்பகுதியை, நடுப்பகுதியைவிட வேகமாகக் கூட்டிக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தால் பேஸ் காணாமல் போவதும் ஏற்றினால் திரும்பி வருவதும் இதனால்தான். கன்சோல் பிளக்இன் 0.3 டெசிபல் கூட்டியிருந்தால் நீங்கள் "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்ல மாட்டீர்கள். "கனம் வந்திருக்கிறது", "ஆழம் வந்திருக்கிறது" என்று சொல்வீர்கள். பொய் சொல்லவில்லை, காது அப்படித்தான் மூளைக்கு மொழிபெயர்த்துத் தருகிறது.

ஆகவே சமன்செய்யாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. அலையின் உச்சியை மட்டும் காட்டும் பீக் மீட்டரைப் பார்த்துச் சமன்செய்வதும் வீண். டிஸ்டார்ஷன், அதாவது அலையின் வடிவம் சிதைவது, உச்சிகளைத் தட்டையாக்கும். பீக் சமமாக இருக்கும்போதே சராசரி ஏறியிருக்கும். 2006-இல் வந்த ஐடியு-ஆர் பிஎஸ்.1770 என்ற சர்வதேச அளவு முறைப்படி எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளக்கும் மீட்டரைப் பயன்படுத்துங்கள். பாட்டின் ஒரே பகுதியை இரண்டு ரெண்டரிலும் அளந்து, 0.1 டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த மீட்டர் மிகக் கீழான அதிர்வெண்களுக்குக் குறைவாகவும் மேல் அதிர்வெண்களுக்குக் கூடுதலாகவும் மதிப்பெண் போடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் குணம் என்று சொல்லி ஒரு பிளக்இன் அடிப்பகுதியைக் கொஞ்சம் தூக்கியிருந்தால், மீட்டர் "இரண்டும் சமம்" என்று சொல்லும். காது "இதுதான் கனம்" என்று சொல்லும். இன்னொன்று: பிளக்இன் நிலை மாறாத கருவி அல்ல. பல்லவியில் எல்லா வாத்தியமும் சேரும்போது கொஞ்சம் அழுத்தும், சரணத்தில் விட்டுவிடும். பல்லவியை வைத்துச் சமன்செய்தால் சரணம் ஏறிப்போயிருக்கும். எனவே கேட்கப்போகும் துண்டு எதுவோ அதை மட்டும் அளந்து சமன்செய்யுங்கள்.

என் அனுபவத்தில், இந்த ஒரு வேலையைச் செய்தவுடனேயே பாதி ஆச்சரியம் கரைந்துவிடுகிறது. மீதியைப் பற்றிப் பேச, இந்தப் பிளக்இன்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சோதனையும் ஒரே மாதிரி இருக்க முடியாது.

வேவ்ஸ் நிறுவனத்தின் என்எல்எஸ் என்ற பிளக்இன், பெயர்பெற்ற இசைப்பதிவுக் கலைஞர்கள் மூவரின் கன்சோல்களை அளந்து செய்யப்பட்டது: ஸ்பைக் ஸ்டென்ட்டின் எஸ்எஸ்எல் 4000 ஜி, மைக் ஹெட்ஜஸின் இஎம்ஐ டிஜி12345 மார்க் 4, யோவாத் நெவோவின் நீவ் 5116. கன்சோலின் ஒவ்வொரு சானலும் (ஒரு டிராக் நுழைந்து போகும் வழி) பக்கத்துச் சானலிலிருந்து சற்று மாறுபடும். அந்த மாறுபாட்டையும் பிடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். பிரைன்வொர்க்ஸ் நிறுவனத்தின் கன்சோல் பிளக்இன்களில் 72 சானல்கள் இருக்கின்றன. உதிரிப் பாகங்களின் சிறு ஏற்றத்தாழ்வுகளைக் கணக்கில் கொண்டு ஒவ்வொன்றும் ஒரு துளி வேறாக ஒலிக்கும். ஸ்டீரியோ டிராக்கின் இடதுக்கு ஒரு சானல், வலதுக்கு வேறு சானல் என்று கொடுத்தால், இரு பக்கமும் நூலிழை விலகும். நீங்கள் கேட்ட 'அகலம்' உண்மையாக இருந்தால் அதற்கு இது ஒரு நியாயமான காரணம். அதே சமயம் நிஜக் கன்சோலின் இன்னொரு குணம் கிராஸ்டாக்: ஒரு சானலின் ஒலி இன்னொன்றுக்குள் கசிவது. இடதுபக்க ஒலி வலதுபக்கம் கசிந்தால் மிக்ஸ் குறுகத்தான் வேண்டும். கிராஸ்டாக் பொத்தானை அழுத்தி "அடடா, அகலம்!" என்று மகிழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே மகிழ்ந்திருக்கிறேன்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏர்விண்டோஸ் என்ற பெயரில் கிறிஸ் ஜான்சன் இலவசமாகத் தரும் பிளக்இன்களில் பியூரஸ்ட்கன்சோல் என்று ஒன்று உண்டு. அது எந்தக் கன்சோலின் நகலும் அல்ல. ஒவ்வொரு டிராக்கின் கடைசியிலும் அலையின் மதிப்புக்கு சைன் கணக்கிடுகிறது. பஸ்ஸில், கூட்டிய பிறகு, அதற்கு நேர்மாறான ஆர்க்சைன். ஒரு டிராக் மட்டும் ஓடினால் சைனும் ஆர்க்சைனும் ஒன்றையொன்று ரத்துசெய்து, உள்ளே போனதே வெளியே வரும். இங்கே சோதிக்கிறவர் வழுக்கி விழுவார். குரலைத் தனியே ஒலிக்கவிட்டுப் பிளக்இன்னைப் போட்டு எடுத்துப் பார்த்து "ஒன்றுமே செய்யவில்லையே" என்று எழுதுவார். இரண்டு டிராக் சேரும்போதுதான் வேலை தொடங்குகிறது. இரு டிராக்கிலும் ஒரே கணத்தில் 0.3 என்ற மதிப்பு வந்தால், சாதாரணக் கூட்டலில் 0.6, இதில் 0.632. இரண்டும் எதிரெதிராக வந்தால் இரண்டு முறையிலும் பூஜ்யம்தான். அதாவது வாத்தியங்கள் ஒன்றாக இறங்கும் கணங்கள் கூடுதலாகத் தூக்கப்படுகின்றன. தூக்கல் அரை டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன ஒலியளவுப் பொறி இங்கே வடிவமைப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? இதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. சானல் பிளக்இன்னுக்கும் பஸ் பிளக்இன்னுக்கும் நடுவே ஃபேடரோ வேறு எதுவுமோ இருந்தால் கணக்கு உடைந்துபோகும். ஃபேடருக்கு முன்னால் வழக்கம்போலச் செருகிவிட்டுச் சோதிக்கிறவர், சொல்லப்பட்ட கருவியைச் சோதிக்கவே இல்லை.

அடுத்து டிஸ்டார்ஷன். கணினிக்குள் 36 டிராக்கைச் சேர்ப்பது வெறும் கூட்டல். அதில் 'உயிரற்ற கூட்டல்', 'உயிருள்ள கூட்டல்' என்று எதுவும் இல்லை. கன்சோல் பிளக்இன் கொண்டுவரும் நிறம், பெரும்பாலும் கூட்டலுக்கு முன்போ பின்போ நடக்கும் டிஸ்டார்ஷனிலிருந்து வருகிறது. எங்கே நடக்கிறது என்பது மிக முக்கியம். தனி டிராக்கில் நடந்தால், அந்த வாத்தியத்தின் சுரங்களுக்கு மேற்சுரங்கள் (அதே அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போன்றவை) சேரும். பேஸ் கிட்டார் சிறிய ஸ்பீக்கரிலும் கேட்கத் தொடங்கும். பஸ்ஸில் நடந்தால், வாத்தியங்கள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு எந்த வாத்தியமும் வாசிக்காத புதிய அதிர்வெண்களைப் பெற்றுப்போடும். ச-ப போல 2:3 விகிதத்தில் இரண்டு சுரங்கள் சேர்ந்தால், புதிதாகப் பிறப்பவற்றில் அருகிலேயே விழுபவை 1, 4 என்ற இடங்களில் வரும். இரண்டும் கீழ்ச் சட்ஜமும் மேல் சட்ஜமும்தான். ராக் கிட்டார்காரர்கள் டிஸ்டார்ஷனோடு இந்த இரட்டைச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். 15:16 விகிதத்தில் நெருங்கி நிற்கும் சுரங்கள் சேர்ந்தாலோ 14-உம் 17-உம் பிறக்கும். எந்தப் பக்கமும் ஒட்டாத பிள்ளைகள். ஆகவே நாலு வாத்தியம் உள்ள எளிய பாட்டில் பஸ் டிஸ்டார்ஷன் 'பசை' போல ஒட்டுவதும், அதே அளவு டிஸ்டார்ஷன் வயலின் கூட்டமும் அடர்ந்த சிந்தசைசர் கார்டும் உள்ள பாட்டில் சேறாவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஒரு பாட்டில் சோதித்துவிட்டு "இந்தப் பிளக்இன் மிக்ஸை மேம்படுத்தும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாதது இதனால்தான்.

உள்ளே அனுப்பும் அளவும் கணக்கில் வர வேண்டும். அனலாக் கன்சோலில் வி.யூ. மீட்டரின் (சராசரி அளவைக் காட்டும் முள் மீட்டர்) பூஜ்யம் என்பது 1.228 வோல்ட். பல பிளக்இன்கள் அதை டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே வைத்திருக்கின்றன. நம்மில் பெரும்பாலோரின் டிராக்குகள் அதைவிடப் பத்து டெசிபல் சூடாகவே இருக்கும். மென்மையான டிஸ்டார்ஷனில் உள்ளளவை 10 டெசிபல் ஏற்றினால், மூன்றாம் மேற்சுரம் மூல ஒலியோடு ஒப்பிட 20 டெசிபல் ஏறும். 80 டெசிபல் கீழே ஒளிந்திருந்தது 60-க்கு வந்துவிடும். ஆகவே "நான் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்கிறவரும் "நான் போட்டேன், பாட்டே மாறிவிட்டது" என்கிறவரும் ஒரே பிளக்இன்னின் இரண்டு வெவ்வேறு கருவிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே சொல்லலாம்.

காது இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்ட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றைப் பிளக்இன் வழியாக அனுப்பி, ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பாருங்கள். மூன்றாம் மேற்சுரம் 30 கிலோஹெர்ட்ஸில் வர வேண்டும். 44.1-இல் பாதிக்கு மேல் போவதால் டிஜிட்டலில் அதற்கு இடமில்லை. பிளக்இன் உள்ளே ஓவர்சாம்பிளிங் (தற்காலிகமாக அதிக மாதிரி வேகத்தில் கணக்கிடுவது) செய்யாவிட்டால் அது மடிந்து 14.1-இல் வந்து விழும். ஐந்தாவது 5.9-இல் விழும். அனலாக் கன்சோல் எதுவும் இதைச் செய்யாது. சிம்பலும் தாளமும் நிறைந்த பாட்டில் 36 இடத்தில் இது நடந்தால், 'அனலாக் வெதுவெதுப்பு' என்று நீங்கள் வாங்குவதில் ஒரு பகுதி கலப்பட டிஜிட்டல் சரக்கு.

இனி கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பது. எனக்கு இதில் நம்பிக்கை வந்த கதையைச் சொல்கிறேன். ஒருநாள் ஒரு பாடகரின் குரலில் ஈக்வலைசரை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கால் மணி நேரம் நுணுக்கமாகத் திருகி, 3 கிலோஹெர்ட்ஸில் இருந்த கரகரப்பைப் பதமாக எடுத்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து "இப்போது சரியாக இருக்கிறது" என்றார். சேமிக்கப்போகும்போதுதான் பார்த்தேன்: அந்தப் பிளக்இன் முழு நேரமும் பைபாஸில், அதாவது வேலை செய்யாமல், இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள், பலரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். கை திருகியதை நம் காது கேட்டுவிடுகிறது.

அதற்கான பழைய மருந்து ஏபிஎக்ஸ் சோதனை. ஏ என்பது பிளக்இன் இல்லாதது, பி உள்ளது, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளுக்கு இதற்கான இணைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பத்து விநாடித் துண்டுகளாகக் கேளுங்கள். ஒலியின் நுண்ணிய குணம் நினைவில் அதிக நேரம் தங்காது. 16 முறை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். 12 சரி என்றால், வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அது (அல்லது அதற்கு மேல்) கிடைக்கும் வாய்ப்பு 3.8 சதவீதம்தான், கேட்கிறது என்று நம்பலாம். பத்து முறை கேட்டு ஏழு சரி என்று மார்தட்டாதீர்கள்; நாணயம் சுண்டினாலே அது 17 சதவீதம் நடக்கும். 'இன்று காது சரியில்லை' என்று திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்குவதும் ஏமாற்றுதான். 16 முறைச் சுற்றைப் பத்துத் தடவை செய்தால், எதையும் கேட்காத ஒருவருக்கும் ஏதாவது ஒரு சுற்றில் 12 வந்துவிட மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 12 வராவிட்டால் வேறுபாடே இல்லை என்று நண்பர் குதிக்கவும் கூடாது. இந்தத் துண்டில், இந்த அளவில், உங்கள் காதுக்குப் பிடிபடவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஏபிஎக்ஸ் சொல்வது கேட்கிறதா என்பதை மட்டுமே. எது பிடிக்கிறது என்பதற்கு வேறு வழி. சமன்செய்த ஜோடிகளை, எதைச் சோதிக்கிறோம் என்று சொல்லாமல், மூன்று நான்கு பேருக்குக் கொடுங்கள். நடுவில் ஒரு பொய் ஜோடியைச் செருகுங்கள்: ஒரே ஃபைல், இரண்டு பெயர். அதிலும் ஒன்று 'இன்னும் திறந்து ஒலிக்கிறது' என்று ஒருவர் எழுதினால், அவருடைய மற்ற விடைகளை எவ்வளவு நம்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் ஒரு மூன்றாவது போட்டியாளரையும் சேர்ப்பது வழக்கம். பிளக்இன் இல்லாத மிக்ஸில் ஈக்வலைசரால் அடிப்பகுதியை அரை டெசிபல் மட்டும் தூக்கிய ஒரு ரெண்டர். அதையும் கன்சோலையும் மக்கள் ஒரே அளவு விரும்பினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது அரை டெசிபல் பேஸ்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்தாலும் ஒரு பெரிய ஓட்டை மிச்சம் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் மிக்ஸை முடித்த பிறகு பிளக்இன்னைப் போட்டீர்கள். உங்கள் ஒவ்வொரு ஃபேடர் நிலையும் ஒவ்வொரு ஈக்வலைசர் முடிவும் அது இல்லாத ஒலியைக் கேட்டு எடுக்கப்பட்டவை. வேறு சிலர் தொடக்கத்திலேயே பிளக்இன்னைப் போட்டு மிக்ஸ் செய்துவிட்டு, கடைசியில் பைபாஸ் அழுத்தி "பாருங்கள், எடுத்தால் உயிரே போய்விடுகிறது" என்கிறார்கள். போகத்தான் செய்யும், அதன் மேல்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். பைபாஸ் பொத்தான் எப்போதும் மிக்ஸ் பிறந்த பக்கத்துக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும். இலையில் விழுந்த பிறகு தூவும் உப்பும் கொதிக்கும்போது போட்ட உப்பும் ஒன்றா? கன்சோலில் வேலை செய்தவர்கள் அதைக் கடைசியில் தூவவில்லை. முதல் நிமிடத்திலிருந்து அதன் வழியாகவே கேட்டு, அதற்கேற்பக் குறைத்தும் கூட்டியும் முடிவெடுத்தார்கள். கன்சோல் உதவியிருந்தால் அந்த முடிவுகளின் வழியாகத்தான் உதவியிருக்கும்.

எனவே நியாயமான சோதனை என்பது ஒரே பாட்டை இரண்டு முறை, பிளக்இன்னோடும் இல்லாமலும், பூஜ்யத்திலிருந்து மிக்ஸ் செய்வது. சொல்லும்போதே இதன் குறை தெரிந்துவிடும்: இரண்டாவது மிக்ஸ் எப்படியும் நன்றாக வரும், ஏனெனில் பாட்டு பழகிவிட்டது. ஆகவே இரண்டு பாட்டு எடுங்கள். ஒன்றில் முதலில் பிளக்இன்னோடு, பிறகு இல்லாமல். மற்றதில் முதலில் இல்லாமல், பிறகு அதோடு. நடுவில் ஒரு வார இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் ஒரே நேர வரம்பு. எனக்கு மூன்று மணி நேரம் போதும். இரண்டு பாட்டிலும் பிளக்இன் மிக்ஸே கேட்பவர்களுக்குப் பிடித்தால் அதில் ஏதோ இருக்கிறது. இரண்டிலும் 'இரண்டாவதாகச் செய்தது'தான் பிடித்தால், நீங்கள் அளந்தது உங்கள் பழக்கத்தை. இரண்டு பாட்டு மிகச் சிறிய கூட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பைபாஸ் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் மறக்கக் கூடாத ஒரு விவரம். கன்சோல் பிளக்இன் போடுகிறவர் வழிகாட்டியைப் படித்துவிட்டு எல்லா டிராக்கையும் டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே வரும்படி இறக்கி ஒழுங்குபடுத்துவார். அப்படிச் செய்தவுடனே ஃபேடர்கள் பூஜ்யத்தைச் சுற்றி நிற்கும், கம்ப்ரசர்கள் நிதானமாக வேலை செய்யும், பஸ் சிவப்பைத் தொடாது. மிக்ஸ் சுலபமாகும். பாராட்டு பிளக்இன்னுக்குப் போய்விடும். ஆகவே பிளக்இன் இல்லாத மிக்ஸிலும் அதே இடங்களில் வெறும் ட்ரிம் (அளவை மட்டும் மாற்றும் கருவி) போட்டு அதே அளவுக்கு இறக்குங்கள்.

நான் இப்படிச் செய்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முடிந்த மிக்ஸின் மேல் தூவியபோது, அளவைச் சமன்செய்த பிறகு, இயல்பான உள்ளளவில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டிரம்ஸ் பஸ்ஸில் டிரைவை (டிஸ்டார்ஷனின் அளவு) நன்றாக ஏற்றியபோது உடனே சொன்னேன். ஸ்னேரின் முதல் அடி மழுங்கி, அதன் உடல் நீண்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் எந்த நல்ல சாச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) பிளக்இன் இருந்தாலும் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதன் வழியாகத் தொடக்கத்திலிருந்தே மிக்ஸ் செய்தபோது மட்டும் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன்: மேல் அதிர்வெண்களைக் குறைவாகவே கூட்டியிருந்தேன். மேற்சுரங்கள் ஏற்கெனவே அந்த வேலையைக் கொஞ்சம் செய்திருந்ததால் கை போகவில்லை. மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகு) போகும்போது அந்த மிக்ஸ் காதைக் குத்தவில்லை. இதை மேம்பாடு என்று நான் எண்ணுகிறேன்; எல்லா டிராக்கிலும் அது வேண்டியிருந்ததா என்றால் இல்லை. பேஸ், டிரம்ஸ், குரல் பஸ் மூன்றிலும் வைத்துவிட்டு மற்றவற்றிலிருந்து எடுத்தபோது நான் எதையும் இழக்கவில்லை; கணினியின் விசிறிச் சத்தம்தான் அடங்கியது.

வாங்குவதைப் பற்றி: இலவசச் சோதனைக் காலம் முடிகிறதே என்று அவசரப்பட வேண்டாம்; இந்த வகைப் பிளக்இன்களுக்குத் தள்ளுபடி திரும்பத் திரும்ப வருகிறது. மிச்சமுள்ள நாட்களில் பழைய 36 டிராக் பாட்டை மூடி வைத்துவிட்டு, இதுவரை தொடாத ஒரு பாட்டை அதன் வழியாக முதலிலிருந்து மிக்ஸ் செய்யுங்கள். ஏர்விண்டோஸ் இலவசம்தான், அதையும் ஒரு பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். கண்கட்டுச் சோதனையில் பொத்தானை அழுத்தும் வேலையை அந்த நண்பரிடமே கொடுங்கள். விடைத்தாள் அவர் பையில் இருக்கட்டும்; நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், ஏனென்றால் நீங்கள் தப்பாகச் சொல்லும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொள்ள மாட்டார்.